சன்னலை வணங்குவோர்க்கு ஒரு மறுப்பு

‘உலகின் முதல் ஒளிப்படம்’ என்ற தொடர் தமிழில் எழுதப்படும்போதெல்லாம் குறைந்தது இரண்டு பிழைகள் நேர்கின்றன என்பது எங்கள் எண்ணம். ‘முதல்’ என்ற சொல் ஒரு பிழை. அச்சொல்லுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் படம் இன்னொரு பிழை. ஒளிப்படக்கலையின் பிறப்பிடம் என்று கொண்டாடப்படும் வீட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. மாடியிலுள்ள சன்னலருகே நின்றபோது காலம் உறைந்தது, கண்கள் பனித்தன, ஒளி எழுதப் பழகிய இடம் இதுவல்லவா என்று மனம் விம்மியது என்கிற மெய்சிலிர்ப்பே அது.

இந்த மெய்சிலிர்ப்பை மறுப்பதற்காகவே இக்கட்டுரை. அந்த வீட்டின்மீது எங்களுக்குப் புகார் எதுவுமில்லை. அதைப் பார்க்கப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோகும் பக்தியின்மீதுதான் புகார். அந்தப் பக்தி, வணங்கப்படுகிற மனிதரையே பார்க்கவிடாமல் மறைக்கிறது. அவர் செய்ய முனைந்தது என்ன, செய்தது என்ன, தோற்றது எதில், அவருடைய உழைப்பு இன்று நம் கைகளில் எவ்வுருவில் இருக்கிறது ஆகிய நான்கு கேள்விகளும் ‘முதல்’ என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் புதைந்துபோகின்றன. இலக்கிய இதழ்களைப் படிப்பவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்கவேண்டும் என்றும் வாதிடப் போகிறோம். அதற்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில்.

*

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், சோன் ஆற்றங்கரையிலுள்ள சாலோன் நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் சேன்-லூ-த-வாரென் என்ற சிற்றூர் இருக்கிறது. நிசெஃபோர் நியெப்ஸ் 1765-இல் சாலோனில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தவர். இச்சிற்றூரில் ‘ல கிரா’ என்று வழங்கிய குடும்பப் பண்ணைவீட்டில் தம் சோதனைகளைச் செய்து, 1833-இல் அங்கேயே காலமானார். வீடு நெடுங்காலம் பொதுமக்கள் கண்ணில் படாத தனியார் உடைமையாகவே இருந்தது. பாரிசைச் சேர்ந்த ஒளிப்படப் பள்ளி ஒன்றின் முயற்சியால் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆய்வு நடந்து, கோடை மாதங்களில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டு வந்திருக்கிறது. சாலோன் நகரில் 1970-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட நியெப்ஸ் அருங்காட்சியகம் தனி. அவருடைய கருவிகளைக் காண அங்கேதான் செல்லவேண்டும்.

நாங்களும் அவ்வீட்டைப் பார்த்தோம். கட்டுரையின் வாதத்துக்குத் தேவையான ஒன்றை மட்டும் இங்கே பதிவுசெய்கிறோம். அவ்வீட்டில் பார்ப்பதற்கு மிகக் குறைவாகவே இருக்கிறது. புகழ்பெற்ற தகடு அங்கே இல்லை. அது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ரான்சம் மையத்தில், ஆஸ்டின் நகரில் இருக்கிறது. அத்தகட்டில் பதிவான முற்றமும் அப்படியே இல்லை. இருநூறு ஆண்டுகளில் கட்டடங்கள் மாறிவிட்டன. எஞ்சியிருப்பவை சுவர்கள், உத்தரங்கள், மரத்தளம், ஒரு சன்னல் ஆகியவையே. ஆகவே பக்தி முழுதும் அந்தச் சன்னலில் போய்க் குவிகிறது. பார்ப்பதற்குப் பொருள் குறையக் குறைய மெய்சிலிர்ப்பு கூடுவது புனிதத் தலங்களின் இயல்பு. அருங்காட்சியகத்துக்கு அந்த இயல்பு பொருந்தாது.

*

‘முதல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். எந்த ஆண்டு முதல்?

அவ்வூரின் சாலையோரத்தில் பெரிய நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. இந்த ஊரில் நியெப்ஸ் 1822-இல் ஒளிப்படத்தைக் கண்டுபிடித்தார் என்று அது சொல்கிறது. அந்த ஆண்டில் அவர் செய்தது என்ன? திருத்தந்தை ஏழாம் பயஸின் உருவம் அச்சிட்ட தாள் ஒன்றை எண்ணெயால் ஒளி ஊடுருவும்படி ஆக்கி, பூச்சிட்ட கண்ணாடியின்மேல் வைத்து வெயிலில் காட்டிப் படி எடுத்தார். கேமரா அதில் இல்லை, காட்சியும் இல்லை. ஏற்கெனவே இருந்த ஓர் அச்சுப்படத்தின் நகல் அது. அந்தக் கண்ணாடியும் பின்னர் உடைந்துபோயிற்று.

கேமராவால் எடுத்ததே ஒளிப்படம் என்போமானால் 1816-க்குப் போகவேண்டும. அவ்வாண்டு மே மாதத்தில் அண்ணன் குளோடுக்கு எழுதிய கடிதங்களில், வெள்ளி உப்புப் பூசிய தாளில், தம் அறைச் சன்னலிலிருந்து தெரியும் பறவைக்கூட்டையும் கட்டடங்களையும் பிடித்துவிட்டதாக நியெப்ஸ் தெரிவிக்கிறார். வெளிச்சம் கருமையாகவும் நிழல் வெண்மையாகவும் தலைகீழாக வந்தன. நாம் இன்று நெகட்டிவ் என்று சொல்வது. ஆனால் அவற்றை நிலைநிறுத்தும் வழி அவருக்கு முழுதாகக் கைவரவில்லை. எதுவும் நமக்கு மிஞ்சவில்லை.

நிலைத்து நிற்பதே அளவுகோல் என்போமானால் 1824 வருகிறது. அவ்வாண்டு செப்டம்பரில், அச்சுக்கல்லின்மீது காட்சியைப் பதித்து வெற்றி கண்டதாக அண்ணனுக்கு எழுதினார். இதையே கண்டுபிடிப்பின் ஆண்டாகக் கொள்ளும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கற்களும் இன்று இல்லை.

இன்று நம் கண்முன் இருப்பதே அளவுகோல் என்போமானால், 1825-இல் அவர் எடுத்த, குதிரையை நடத்திச்செல்லும் ஆளின் படம் முன்னே வந்து நிற்கிறது. 2002-இல் பிரெஞ்சு தேசிய நூலகத்துக்காக அது 4,50,000 யூரோவுக்கு வாங்கப்பட்டது. அதுவும் பழைய அச்சுப்படம் ஒன்றின் நகலே. இவற்றுக்கெல்லாம் பின்னரே, எல்லோரும் அறிந்த சன்னல் காட்சி வருகிறது. அதற்கும் 1826 என்று சிலரும் 1827 என்று சிலரும் ஆண்டு குறிக்கிறார்கள்.

1816, 1822, 1824, 1825, 1827: ஒவ்வொன்றும் ஏதோவோர் அளவுகோலின்படி முதல்தான். அளவுகோலை மாற்றினால் முதலும் மாறுகிறது. எனவே ‘முதல் ஒளிப்படம்’ என்பது கண்டறியப்பட்ட உண்மை ஆகாது, செய்துகொள்ளப்பட்ட ஏற்பாடு. ஏற்பாடு என்று தெரிந்து பயன்படுத்தினால் குற்றமில்லை. அதன்முன் விழுந்து கும்பிடுவதுதான் எங்களுக்கு ஒப்பவில்லை. பதினோரு ஆண்டுகள் ஒரே வேலையில் முட்டி மோதிய ஒருவரின் உழைப்பை ஒரே பிற்பகலின் அதிசயமாகச் சுருக்கிவிடுகிறது அந்தக் கும்பிடு.

*

இனி அந்தப் படம். பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் எண்ணற்ற இணையப் பக்கங்களிலும் நாம் பார்த்துப் பழகிய, புள்ளி புள்ளியாகத் தெரியும் கறுப்பு வெள்ளைப் படம்: இடப்புறம் ஒரு கோபுரம் போன்ற பகுதி, நடுவில் சரிந்த கூரை, வலப்புறம் ஒரு சுவர். இது நியெப்ஸின் தகடு அன்று.

நியெப்ஸ் 1827-இல் இங்கிலாந்து சென்றார். கியூவில் நோயுற்றிருந்த அண்ணனைப் பார்க்கப் போனவர், தம் தகடுகளையும் எடுத்துச் சென்றிருந்தார். அங்கே தாவர ஓவியர் பிரான்சிஸ் பௌவரின் நட்புக் கிடைத்தது. ராயல் சொசைட்டியில் தம் கண்டுபிடிப்பை முன்வைக்க முயன்றார். ஆனால் செய்முறையை முழுதாகச் சொல்ல மறுத்தமையால் அது ஏற்கப்படவில்லை. ஊர் திரும்பும்போது சன்னல் காட்சித் தகட்டைப் பௌவரிடம் விட்டுச் சென்றார். கைமாறிக் கைமாறி, 1898-இல் லண்டனில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டபின் அது மறைந்தே போயிற்று. ஒளிப்பட வரலாற்றாளர் ஹெல்முட் கெர்ன்ஷைம் அதைத் தேடிப் பிடித்தது 1952-இல். அவருடைய தொகுப்பை டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1963-இல் வாங்கியதைத் தொடர்ந்து தகடும் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பியூட்டர் தகடு அது. வெறும் கண்ணால் பார்த்தால் மங்கிய கண்ணாடி போலவே இருக்கும். பார்ப்பவர் தலையைச் சாய்த்துச் சரியான கோணம் கண்டால்தான் காட்சி புலப்படும். அதை நகலெடுக்கும் பணி கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வந்த நகலில் கெர்ன்ஷைமுக்குத் திருப்தி இல்லை. தாமே தூரிகை எடுத்து, நீர்வண்ணத்தால் அந்த நகலைத் திருத்தினார். புள்ளிகள் இட்டார், விளிம்புகளைத் தெளிவாக்கினார், கூரைகளைக் கூரைகளாக்கினார். திருத்தப்படாத நகல் வெளியாவதை 1977 வரை தடுத்தும் வைத்திருந்தார். இன்றும் பெரும்பாலும் அச்சாவது அவர் தீட்டிய அந்தப் படமே.

அதாவது, ‘உலகின் முதல் ஒளிப்படம்’ என்று உலகம் அறிந்திருப்பது, கால் பங்கோ அரைப் பங்கோ 1952-ஆம் ஆண்டின் ஓவியம்.

இதைச் சில்லறை விவரம் என்று தள்ளிவிட முடியாது என்கிறோம். இன்று செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் பொய்ப்படங்களைப் பார்த்து, ஒரு காலத்தில் ஒளிப்படம் உண்மையாக இருந்தது, கைபடாத ஒளியின் சாட்சியாக இருந்தது என்று ஏங்கும் கட்டுரைகள் பெருகியிருக்கின்றன. அந்தத் தூய தொடக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அவை அச்சிடுவது எதை? கெர்ன்ஷைம் தூரிகையால் தொட்ட அதே படத்தை. கைபடாத காலத்துக்குச் சான்றாகக் கைபட்ட படத்தைக் காட்டுகிறோம். படத்தின்கீழ் ஒரு வரி விளக்கம்கூட எழுதுவதில்லை. ஒளிப்படத்தின் உண்மையை எந்திரம் கெடுத்துவிட்டது என்று சொல்லும் தகுதி, மூலத்தையும் திருத்தத்தையும் பிரித்தறியும் பொறுமை உள்ளவர்களுக்கே உண்டு. அந்தப் பொறுமை நம்மிடம் இருந்ததா என்பதே கேள்வி. நியெப்ஸின் தகடு மங்கலாக இருந்தது. நமக்குத் தெளிவு வேண்டியிருந்தது. தெளிவாக ஒன்றைத் தீட்டி அதற்கு ‘முதல்’ என்று பெயரிட்டுக்கொண்டோம். ஏமாற்றியது எந்திரம் இல்லை.

*

அடுத்து, அந்தச் சன்னல். அவ்வீட்டில் ஆய்வு நடத்தியவர்களே கண்டறிந்தபடி, இப்போது இருக்கும் சன்னல் நியெப்ஸின் காலத்தில் இருந்த அதே இடத்தில் இல்லை. பிற்காலத்தில் செய்த கட்டட மாற்றத்தில் அது சற்று நகர்ந்துவிட்டது. தகட்டிலுள்ள காட்சியைக் கட்டடத்தின் அளவுகளோடு பொருத்திக் கணக்கிட்டு, கேமரா நின்ற இடத்தை அவர்கள் மீட்டெடுத்தார்கள். இதை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை, சொல்கிறார்கள். கேட்பவர்கள்தான் கேட்டும் கேளாதவர்களாகச் சன்னல் சட்டத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

எட்டு மணி நேரம் என்ற புகழ்பெற்ற கணக்கும் அப்படித்தான். தகட்டில் முற்றத்தின் இருபக்கச் சுவர்களும் வெயில் பட்டுத் தெரிகின்றன. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில் விழுந்திருக்கவேண்டும் என்ற ஊகத்தில் பிறந்ததே அந்த எட்டு மணி நேரம். நியெப்ஸின் செய்முறையை அப்படியே மறுபடி செய்துபார்த்த ழான்-லூயி மரிஞியே போன்ற ஆய்வாளர்கள், எட்டு மணி நேரம் போதாது, பல நாட்கள் ஆகியிருக்கவேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரியென்றால், ‘காலம் உறைந்த கணம்’ என்ற உருவகம் அடியோடு சரிகிறது. அத்தகட்டில் கணம் என்று எதுவும் இல்லை. கிழக்கும் மேற்கும் ஒருசேர வெயில் காயும், நாட்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஒரு முற்றமே உண்டு. எந்த மனிதக் கண்ணும் ஒருபோதும் கண்டிராத முற்றம் அது. நாம் மெய்சிலிர்க்க விரும்பினால் இதற்கல்லவா சிலிர்த்திருக்க வேண்டும்!

*

‘முதல்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். அது ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொல் இல்லை. ஒப்பந்தங்களிலும் காப்புரிமைகளிலும் அரசாணைகளிலும் பிறந்தது.

நியெப்ஸ் 1829 டிசம்பரில் பாரிசின் காட்சிக்கூட ஓவியர் லூயி டாகுவேருடன் பத்தாண்டுக் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். நான்கு ஆண்டுகள் முடியுமுன்னே இறந்தார். மகன் இசிதோர் தந்தையின் இடத்தில் அமர்ந்தார். கடனும் நெருக்கடியும் அவரைத் துரத்தின. ஒப்பந்தம் திருத்தப்படத் திருத்தப்பட நியெப்ஸின் பெயர் பின்னுக்குப் போயிற்று. கண்டுபிடிப்புக்கு டாகுவேரின் பெயர் மட்டுமே நிலைத்தது. வெள்ளித் தகட்டில் அயோடினைப் பயன்படுத்தியவர் நியெப்ஸ். மறைந்திருக்கும் உருவைப் பாதரச ஆவியால் வெளிக்கொணர்ந்தவர் டாகுவேர். பின்னதே வணிகத்துக்கு உகந்ததாக இருந்தது. 1839-இல் அராகோவின் முயற்சியால் பிரெஞ்சு அரசு கண்டுபிடிப்பைப் பெற்றுக்கொண்டு, டாகுவேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும் இசிதோருக்கு 4,000 பிராங்கும் ஓய்வூதியம் வழங்கியது. ஆகஸ்ட் 19 அன்று செய்முறை உலகுக்கு இலவசமாக வழங்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே டாகுவேரின் சார்பில் இங்கிலாந்தில் காப்புரிமை பதிவாகியிருந்தது என்பதை மெய்சிலிர்ப்புக் கட்டுரைகள் சொல்வதில்லை. இசிதோர் 1841-இல், டாகுவேரின் பெயரால் தவறாக அழைக்கப்படும் கண்டுபிடிப்பின் வரலாறு என்று தலைப்பிட்டே ஒரு மறுப்பு நூல் வெளியிட்டார்.

கடலுக்கு அப்பால், வில்ட்ஷயரின் லேகாக் மடாலயத்திலும் வணங்கப்படும் ஒரு சன்னல் இருக்கிறது. ஃபாக்ஸ் டால்பட் 1835-இல் எடுத்த சிறிய நெகட்டிவின் சன்னல். பாரிஸ் செய்தி எட்டியதும் 1839 ஜனவரியில் அவசர அவசரமாகத் தம் உரிமையை நிலைநாட்டிக்கொண்ட டால்பட், 1841-இல் தம் செய்முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்காக வழக்காடவும் செய்தார். அதே 1839-இல் பாரிசில் தாள்மீது நேரடியாகப் படம் எடுத்துக் காட்சிக்கும் வைத்த இப்போலித் பயார் ஓரங்கட்டப்பட்டார். மறு ஆண்டு தம்மையே நீரில் மூழ்கி இறந்த பிணமாகச் சித்திரித்துப் படம் எடுத்து அவர் தம் எதிர்ப்பைக் காட்டினார். பிரேசிலில் எர்க்யூல் ஃபுளோரன்ஸ் 1830-களிலேயே இம்முயற்சியில் இருந்தார் என்பது உலகுக்குத் தெரியவர ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

இத்தனை பேர், இத்தனை வழிகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ‘முதல்’ என்ற சொல் இவர்களில் ஒருவரை நாற்காலியில் அமர்த்தி மற்றவர்களை வெளியே நிற்கவைக்கிறது. ஓய்வூதியம் தரும் அரசுக்கு அச்சொல் தேவைப்பட்டது. காப்புரிமை கோரும் வழக்கறிஞருக்குத் தேவைப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து, எந்தப் பங்கும் இல்லாத நமக்கு எதற்கு அது?

*

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். நியெப்ஸ் எதைச் செய்ய முனைந்தார்?

காட்சியைப் பிடிப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று மட்டுமே. அவரை இவ்வழிக்கு இழுத்தது அச்சுக்கலை. அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த கல்லச்சில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. அதற்கு வரையத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை அவருக்கு வாய்க்கவில்லை. வரைபவரின் கைக்குப் பதிலாக வெயிலை அமர்த்த முடியுமா என்பதே அவர் கேட்டுக்கொண்ட கேள்வி. தம் முறைக்கு அவர் இட்ட பெயர் ஹெலியோகிராஃபி; சூரியன் எழுதுவது என்று பொருள்.

செய்முறை இது. யூதேயா நிலக்கீல் எனப்படும் ஒருவகைத் தாரைப் பொடித்து லாவெண்டர் எண்ணெயில் கரைத்து, உலோகத் தகட்டின்மீது மெல்லியதாகப் பூசி உலர்த்தவேண்டும். வெயில் பட்ட இடத்தில் தார் கெட்டிப்படும். படாத இடத்தில் முன்போலவே கரையும். பின்பு எண்ணெய்க் கலவையால் கழுவினால் கரைவது கரைந்து, கெட்டிப்பட்டது தங்கும். சன்னல் காட்சியில் அவர் இத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அச்சுப்படங்களை நகலெடுத்தபோது அடுத்த படிக்கும் போனார். கழுவிய தகட்டை அமிலத்தில் இட்டால், தார் மூடாத இடங்களை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். தாரை நீக்கிவிட்டுப் பள்ளங்களில் மை நிரப்பி அழுத்தினால் தாளில் படம் விழும். ஒன்றா, இரண்டா? வேண்டிய மட்டும். கர்தினால் தம்புவாசின் உருவப்படத்தை 1826-இல் இவ்வாறு தகடாக்கி, பாரிசிலிருந்த செதுக்குக் கலைஞர் லெமெத்ரிடம் அனுப்பினார். அவர் மறு ஆண்டு அதிலிருந்து தாளில் படிகள் எடுத்துக் கொடுத்தார்.

இலக்கிய இதழ் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். பூச்சு, வெளிச்சம், கழுவல், அமில அரிப்பு, மை: இந்த வரிசையை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? நம் அச்சகங்களில் ‘பிளாக்’ செய்யக் கொடுப்போமே, அதன் செய்முறையும் இதுவே. துத்தநாகத் தகட்டில் ஒளியால் கெட்டிப்படும் பூச்சு, மேலே நெகட்டிவ், விளக்கொளி, கழுவல், அமிலத் தொட்டி. லைன் பிளாக் ஆனாலும் ஹாஃப்டோன் பிளாக் ஆனாலும் அடிப்படை ஒன்றே. நியெப்ஸின் தகட்டில் பள்ளம் மையை ஏந்தியது. நம் பிளாக்கில் மேடு ஏந்தியது. பூச்சுக்குத் தாருக்குப் பதில் வேறு பொருட்கள் வந்தன. தத்துவம் மாறவில்லை. ஆஃப்செட் வந்தபோது அமிலத் தொட்டி விடைபெற்றது. ஒளியால் மாறும் பூச்சு விடைபெறவில்லை. கணினிச் சில்லுகளில் நுண்ணிய தடங்களைப் பொறிப்பதும் இதே வழியில்தான்: பூசு, ஒளிகாட்டு, கழுவு, அரி.

தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றை எண்ணிப் பார்க்கிறோம். ஓவியர் கோட்டோவியம் தருவார். அதைப் பிளாக் எடுக்கக் காசு தேடவேண்டியிருக்கும். ஒரே பிளாக்கை நிறம் மாற்றி இரண்டு இதழ்களுக்கு அட்டையாக்குவதும், மறைந்த எழுத்தாளரின் உருவப்பட பிளாக்கை இன்னோர் இதழிடம் கடன் வாங்குவதும் அன்றைய வழக்கங்கள். எழுத்தாளர்களின் முகங்கள் நமக்கு அறிமுகமானது அந்தத் துத்தநாகத் தகடுகள் வழியேதான். சேன்-லூவின் பண்ணைவீட்டில் தாரும் லாவெண்டர் எண்ணெயும் கலந்து நின்ற மனிதருக்கும் நமக்கும் உள்ள உறவு அந்தச் சன்னல் வழியே வரவில்லை. அச்சகத்தின் பின்கட்டிலிருந்த அமிலத் தொட்டி வழியே வந்தது. அவ்வகையில் அவருடைய வாரிசுகள், கேமரா தூக்கியவர்கள் மட்டும் அல்லர், இதழ் நடத்தியவர்களும்தான். லேகாக்கின் டால்பட்டும் தம் பிற்காலத்தில், 1852-இலும் 1858-இலும், ஒளியால் உலோகத் தகடு பொறிக்கும் முறைகளுக்கே காப்புரிமை பெற்றார். இரண்டு சன்னல்களின் சொந்தக்காரர்களும் அச்சகத்தையே நாடினார்கள். நாம்தான் இன்னும் சன்னலை விட்டு நகராமல் நிற்கிறோம்.

*

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மதித்தே பதில் சொல்கிறோம். மக்களை ஒரு சிற்றூருக்கு இழுப்பது ‘முதல்’ என்ற சொல்தான். அது இல்லையேல் யாரும் போகமாட்டார்கள், யாரும் போகாத வீடு இடிந்து தரைமட்டமாகும், குறியீடுகளைச் சற்று மிகைப்படுத்தியேனும் நினைவுச்சின்னங்களைக் காப்பது கடமை என்பது அவ்வாதம். இதில் நியாயம் இருக்கிறது. சாலையோரக் கல்லை நாங்கள் பெயர்த்தெறியச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் தம் ஊரைக் கொண்டாடட்டும். அது அவர்கள் உரிமை.

ஆனால் கல் சொல்வதையே கட்டுரையும் சொல்லவேண்டியதில்லை. கல்லுக்கு ஒரு வரிதான் இடம் உண்டு. எழுதுபவருக்குப் பக்கங்கள் இருக்கின்றன. ‘முதல்’ என்று கேட்டு வருபவர் சன்னலைப் பார்த்துவிட்டுக் கால்மணி நேரத்தில் திரும்பிவிடுவார். ‘எப்படி’ என்று கேட்டு வருபவரே மீண்டும் வருவார். ஒரு நினைவில்லத்தை நெடுங்காலம் காப்பாற்றுபவர் இரண்டாமவர்தான்.

மேலும், அவ்வீட்டில் நினைக்கப்படவேண்டிய தோல்விகள் நிறைய உண்டு. நியெப்ஸ் சகோதரர்கள் 1807-இல் உள்ளெரி எந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். சோன் ஆற்றில் அதைக்கொண்டு படகும் ஓட்டினார்கள். அந்த எந்திரத்தை விற்றுப் பொருளீட்டுவதற்காகவே குளோடு இங்கிலாந்து சென்றார். அங்கே பத்தாண்டுகளில் குடும்பச் செல்வம் கரைந்தது. நிலையியக்க எந்திரம் என்னும் நடவாத கனவில் அவர் மனமும் கரைந்தது. தம்பி சென்று பார்த்த சில மாதங்களில், 1828-இல் இறந்தார். நமக்கு நியெப்ஸின் சோதனைகள் தெரியவந்ததற்குக் காரணமே இந்த அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதங்கள்தான். பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் செய்முறையை மறைத்து மறைத்து எழுதிய கடிதங்கள். அதே அச்சம்தான் ராயல் சொசைட்டியிலும் அவர் வாயை அடைத்தது. அவர் பெயர் அரை நூற்றாண்டுக்கு மேல் நிழலில் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கண்டுபிடித்ததைச் சொல்லத் துணியாதவரின் துயரம் இது. அதிசயக் கணத்தின் கதையில் இந்தத் துயரத்துக்கு இடமே இல்லை.

*

தமிழில் இதைப் பற்றி இனி எழுதப்போகும் நண்பர்களிடம் எங்கள் கோரிக்கைகள் எளியவை. கெர்ன்ஷைம் தீட்டிய படத்தை வெளியிட்டால் அது திருத்தப்பட்ட நகல் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் திருத்தப்படாத தகட்டின் படத்தையும் அருகில் வையுங்கள். ஆண்டு குறிக்கும்போது எந்தச் செயலின் ஆண்டு என்று சொல்லுங்கள். எட்டு மணி நேரம் என்று எழுதுமுன் அது ஊகம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவ்வீட்டுக்குப் போக வாய்த்தால் சன்னலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது தாருக்கும் எண்ணெய்க்கும் அமிலத்துக்கும் கொடுங்கள். சாலோனில் இறங்கி அவருடைய கருவிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தத் தகடு மங்கலானது. அதைப் பார்க்கத் தலையைச் சாய்க்கவேண்டும், நகரவேண்டும், காத்திருக்கவேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகவே ஒருவர் அதன் நகலைத் தூரிகையால் தெளிவாக்கினார், நாமும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டோம். வரலாற்றை எழுதுபவர்கள் செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான்.